ஒரே கட்டிலில் மூன்று பேச்சியம்மாள்

1

அண்ணன் மகன் பேச்சிமுத்துவுக்கும் அவன் தங்கை மாரிக்கும், ஊரில் இதை வாசிக்கப்போகும் மற்ற பிள்ளைகளுக்கும், திருவனந்தபுரத்திலிருந்து சித்தப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைக்கூடத் துடைக்கவில்லை, பேச்சிமுத்துவின் குரல் போனில் வந்தது. "சித்தப்பா, காலேஜ்ல ஜாவா ஆரம்பிச்சுட்டாங்க. ஆளுக்கொரு ஆப் சொல்லுதானுவ. அக்கா எதுல படிச்சா? எந்த புக்கு, எந்த வீடியோ? கேட்டுச் சொல்லுங்க."

நான் போனை அப்படியே உங்கள் அக்காவிடம், அதாவது என் மகளிடம், நீட்டினேன். அவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள்.

"நானா? நான் பத்தாங்கிளாஸ்ட்டி."

"உங்ககிட்ட சொல்லிச் சொல்லித்தானே படிச்சேன். இத்தனை நாள் கேட்ட ஆளுக்கு ஓர்ம இருக்காதா?"

ஓர்ம என்றால் ஞாபகம். இந்த வீட்டில் தமிழும் மலையாளமும் ஒரே தட்டில் குழம்பும் மோருமாகக் கிடக்கும், பழகிக்கொள்ளுங்கள். நானும் யோக்கியமில்லை. போன மாதம் உங்கள் அப்பாவிடமே போனில், "ஆ சேட்டா, பறயூ" என்றுவிட்டேன். சேட்டன் என்றாலும் அண்ணன்தான், பறயூ என்றால் சொல். அவனோ, "யாருல சேட்டன்? நான் ஒங்கண்ணன்" என்றான்.

சாலைக் கடைத்தெருவில் போல்ட்டு, நட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிற ஆள் நான். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி எனக்குக் காதால் வந்த கல்வி. எழுதியதை அக்கா ஒருமுறை பார்த்துத் திருத்திவிட்டாள். ஆகவே கம்ப்யூட்டர் விஷயத்தில் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், மற்றதற்கு என்னை.

2

ஜாவாவுக்கு முன்னால் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நம் குடும்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பிள்ளைக்குப் பேச்சியம்மன் பெயர்தான். ஆண் என்றால் பேச்சிமுத்து, பெண் என்றால் பேச்சியம்மாள். ஊரில் இதனால் ஒரு குழப்பமும் கிடையாது. உங்கள் பெரிய அத்தை கீழத்தெரு பேச்சி. என் பெரியப்பா மகள், வள்ளியூரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், டீச்சர் பேச்சி. யாரும் தப்பான வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுபோனதில்லை.

இங்கே அப்படி இல்லை. எந்த விண்ணப்பத்தை வாங்கினாலும் 'வீட்டுப்பேர்' என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்கு வீட்டுக்கு வீடு ஒரு பெயர் உண்டு. நமக்கு ஏது? முதல் தடவை நான் 'வாடகை வீடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் சிரித்து, அதை அடித்துவிட்டு, வீட்டுச் சொந்தக்காரரின் வீட்டுப்பேரைப் போட்டார். அதனால் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் அக்கா எங்கள் வீட்டு ஓனரின் குடும்பத்தில் பிறந்தவளாக இருந்தாள்.

அவளுக்கு அது வருத்தமில்லை. பேச்சியம்மாள் என்ற பெயர்தான் வருத்தம். வகுப்பில் வருகை எடுக்கும்போது பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு வரும். வீட்டில் பிரியா என்று கூப்பிட்டதை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டுபோய்விட்டாள். கல்லூரியில் எல்லாருக்கும் அவள் பிரியாதான். பேச்சியம்மாள் சர்ட்டிபிகேட்டுக்குள் மட்டும் இருந்தாள். அங்கிருந்தும் இறக்கிவிட ஒரு நாள் விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

"அப்பா, கெஜட்டில குடுத்து பேரு மாத்தணும். வேலைல சேரும்போ ஐடி கார்டில இதுதான் வரும். நீங்க சம்மதிச்சா போதும்."

மேஜர் ஆன பிள்ளை. என் சம்மதம் இல்லாமலே கொடுக்கலாம். ஆனாலும் கேட்டாள். நான், "பார்க்கலாம்" என்றேன். நம் ஊர் அப்பாக்களின் 'பார்க்கலாம்' என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

3

வேலைக்கு முன்னால் வேறொன்று குறுக்கே நின்றது. ஜாவாவில் அவளுக்கு சப்ளி விழுந்திருந்தது. நீங்கள் அரியர் என்பதைத்தான் இங்கே சப்ளி என்கிறார்கள். அந்தத் தாளை முடிக்காவிட்டால் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும்போது அந்தப் பக்கமே போக முடியாது. லேபில் மிஸ் வேறு, "உனக்குப் பிரயோஜனப்படுகிற புரோகிராம் ஒன்றை நீயே எழுதிக் கொண்டு வா. பார்த்து எழுதினதா என்று முதல் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏன் தோற்றாள் என்பதை முதலில் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும். ஊரில் உள்ள வீடியோ எல்லாம் பார்த்தாள். தமிழில், மலையாளத்தில், இங்கிலீஷில். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. கை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. சமையல் வீடியோ பார்த்து யாருக்கும் பசி ஆறினதில்லையே. ஒரு வீடியோ போதும் பிள்ளைகளா. ஆனால் அவர் ஒரு வரி எழுதினால் நிறுத்திவிட்டு நீங்களும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே மாற்றி, என்ன உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி சாமான்கள். முதலில் ஜேடிகே. ஜாவா எழுத, ஓட்ட வேண்டியதெல்லாம் அந்த ஒரே பொட்டலத்தில் வரும். காசு கிடையாது. பல பதிப்பு இருக்கும். நெடுநாள் பராமரிப்பு உண்டு என்று போட்டிருப்பதை எடுங்கள். போட்டதும், கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து பதிப்பு எண் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஜாவா வந்திருக்கிறது, அது எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த 'பாத்' என்பதைச் சரிசெய்ய அக்காவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. இந்த மென்பொருள் வேலையே வேண்டாம் என்று அழுதுவிட்டு, பிறகு தோசை சாப்பிட்டுவிட்டுச் சரிசெய்தாள்.

ஆரம்பத்தில் சாதாரண நோட்பேடில் எழுதுங்கள். புரோகிராமில் 'கிளாஸ்' என்று வருகிற வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உள்பட ஒன்றாக இருக்க வேண்டும். இது நாலு தடவை கடித்தால் பிறகு மறக்காது. கை பழகின பிறகு ஐடிஇ என்கிற பெரிய மென்பொருளுக்குப் போங்கள். பாதிச் சொல் அடிக்கும்போதே மீதியை அது சொல்லிவிடும். முதல் நாளே அதில் உட்கார்ந்தால் உங்களுக்கு வருகிறதா, அதற்கு வருகிறதா என்று தெரியாது.

ஒரே ஒரு வரி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? அதற்கு ஜேஷெல். ஜேடிகேயோடு கூடவே வரும். ஒரு வரி கேட்டால் ஒரு பதில் சொல்லும். கடையில் வாடிக்கைக்காரர் ஆணியை வாங்குமுன் பலகையில் ஒன்று அடித்துப் பார்ப்பார் அல்லவா, அது மாதிரி.

பிழைச் செய்தி சிவப்பாகக் கொட்டும்போது கடைசி வரியைப் பார்த்து பயப்படாதீர்கள். முதல் பிழையைத் திருத்துங்கள், அதன் வால் பிடித்து வந்த மற்றவை தானாகப் போய்விடும். புரோகிராம் ஓடும்போது விழுந்தால், அந்த நீளமான பட்டியலில் உங்கள் கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதென்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம்.

இதையெல்லாம் கடை விட்டு வந்ததும் எனக்குச் சொல்லிக் காட்டுவாள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து தலையாட்டுவேன். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இந்தத் தலையாட்டல்தான் எங்களை மாட்டிவிட்டது.

4

ஆற்றுகால் பொங்காலைக்கு உங்கள் அம்மா வந்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். அன்று அம்மனுக்குப் பெண்கள் பொங்கலிட, ஊர் முழுக்கத் தெருவில் செங்கல் அடுப்புதான். ஸ்ரீவராகத்தில் எங்கள் சந்துவரைக்கும் நீளும். முந்தின நாளே நம் சொந்தத்துப் பெண்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். எங்கள் வீடோ ரெண்டே அறை. அக்கம்பக்கத்து மலையாளிகள் நல்லவர்கள், ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தருவார்கள். யாருக்கு எந்த வீடு, யாருக்கு மாடி ஏற முடியாது என்பதெல்லாம் உங்கள் சித்தி தலையில் இருக்கும். அவளும் அடுப்பையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும்.

அக்கா இதையே புரோகிராம் ஆக்கினாள். பெயரைக் கொடுத்தால் தங்குமிடம் சொல்லும். அதற்கு ஹேஷ்மேப் என்று ஒன்று. எங்கள் கடையில் ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருப்போம், சீட்டில் உள்ளதைச் சொன்னால் பையன் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை எடுப்பான். அதேதான். சீட்டு என்பது பெயர், டப்பாவுக்குள் இருப்பது அறை.

அஞ்சு, ரேஷ்மா, ஆதிரா என்று காலேஜ் கூட்டுக்காரிகள் பெயரைப் போட்டுப் பார்த்தாள். பிரமாதமாக ஓடியது. பிறகு நான் சொல்லச் சொல்ல நம் ஆட்களை ஏற்றினாள். பெரிய அத்தை, எதிர் வீட்டு சாந்தம்மா சேச்சியின் கீழறை. டீச்சர், பக்கத்து வீட்டு மாடி. இப்படியே போய்க் கடைசியில், "உன் பேரு" என்றேன்.

"என் பேரா?"

"ஆமா. பேச்சியம்மாள். நம்ம உள்ளறைக் கட்டில்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்தாள். பிறகு எப்படி எழுதியிருக்கிறாள் என்று முழுக்க விளக்கினாள். நான் முழுக்கத் தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் ரயில் வந்தது. வாசலில் அக்கா லேப்டாப்போடு நின்று ஒவ்வொருத்தர் பெயரையும் அடித்து இடம் சொல்லி அனுப்பினாள். உங்கள் சித்திக்கு ஒரே பெருமை. கொஞ்ச நேரத்தில் சாந்தம்மா சேச்சி வந்து, பெரிய அத்தை இன்னும் வந்து சேரவில்லையே என்று கேட்டார். "சேச்சி இனியும் எத்தியில்லே? காப்பி ஆறிப்போயி."

நான் உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலின் இந்த முனையில் பெரிய அத்தை, அந்த முனையில் டீச்சர். நடுவில் ரெண்டு பை.

"ஏல தம்பி," என்றாள் அத்தை, "எனக்கு முட்டு வலி, கீழ எடம் வேணும்னு சொன்னேன். சொன்னபடி கீழதான் இருக்கு. ஆனா கட்டில்ல ஏற்கெனவே இவ உக்காந்திருக்கா."

"எனக்கும் இந்தக் கட்டில்னுதான் சொல்லி அனுப்புனா" என்றாள் டீச்சர்.

அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்யோ, அது என் கட்டிலாக்கும்" என்றாள்.

"அப்ப நீயும் வா. மூணு பேருமா படுப்போம். குறுக்க ஒரு பலகை போட்டா ஒங்கப்பனும் படுத்துக்கிடுவான்." சொன்னது சிரிப்பாக இருந்தாலும் அத்தையின் முகம் சிரிக்கவில்லை. எதிர் வீட்டில் காபி போட்டு ஒருத்தர் காத்திருந்தது வேறு தெரிந்துபோனது. "எனக்குன்னு ஒரு எடம் இருந்துச்சா இல்லையா? இருந்துச்சுன்னா எங்க போச்சு? அந்தக் கம்ப்யூட்டரத் தெறந்து காட்டுட்டி."

அக்கா என் பக்கம் திரும்பி, "அச்சா, அத்தைக்கு இது மனசிலாவில்ல" என்றாள், புரியாது என்கிற அர்த்தத்தில்.

"எனக்கு மனசிலாவும். நீ தமிழ்ல சொல்லு" என்றாள் அத்தை.

தப்பிக்க வழியில்லை. அத்தைக்கு மலையாளமும் வராது, இங்கிலீஷும் வராது. முக்கியமாக, அத்தைக்குத் தலையாட்ட வராது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இது ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி உள்ள வைக்கும் அத்தை. முதல்ல உங்கள வச்சேன். சாந்தம்மா ஆன்ட்டி வீட்டுக் கீழ் ரூம்."

"சரி. வச்சுட்ட."

"பின்னே டீச்சர் அத்தைய வச்சேன். பேச்சியம்மாள், மாடி ரூம்."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

"நீங்க அங்கயேதான்..." என்றவள் நிறுத்திவிட்டாள். "இல்ல. நீங்களும் பேச்சியம்மாள் அல்லே. உங்க டப்பாலயே அவங்கள வச்சுட்டேன். அதுக்கு மேல என்னைய வச்சுட்டேன்." தலையில் கையை வைத்துக்கொண்டாள். "மூணு பேருக்கும் ஒரே சீட்டு அப்பா! கடைசியா வச்சது நானு. யாரு பேரு கேட்டாலும் என் கட்டிலத்தானே சொல்லும்!"

நம் குடும்பத்தில் மட்டும் வரக்கூடிய தப்பு இது. அஞ்சுவுக்கும் ரேஷ்மாவுக்கும் இது வரவே வராது.

பிறகு அவள் டீபக்கர் என்ற ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பிள்ளைகளா, இதைக் கட்டாயம் பழகுங்கள். புரோகிராமை நீங்கள் சொன்ன வரியில் நிற்கவைத்து, ஒவ்வொரு அடியாக நடக்கவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். ஓர் அடி. பேச்சியம்மாள், சாந்தம்மா வீடு. இன்னோர் அடி. அதே பேச்சியம்மாள், மாடி. இன்னோர் அடி. கட்டில். வந்திருந்த பெண்கள் எல்லாம் சீரியல் பார்ப்பதுபோல் சுற்றி நின்று, "அந்தா, கீழத்தெரு அக்காவ எறக்கிட்டா!" என்று கூச்சல் போட்டார்கள்.

ஜாவாவோடு வரும் விளக்கப் பக்கங்களையும் அன்றுதான் முதல்முறையாகத் திறந்தாள். அதே பெயரில் மறுபடி வைத்தால் பழையது போய்விடும், போன பழையதை உங்கள் கையில் திருப்பித் தருவேன் என்று அதிலேயே எழுதியிருந்தது. "தந்திருக்கு அப்பா. நான்தான் வாங்கிப் பாக்கல" என்றாள். வீடியோக்களுக்கெல்லாம் முன்னால் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறாள் இப்போது. ருசியாக இருக்காது, பொய் சொல்லாது.

திருத்துமுன், தப்பாக இருந்ததையும் கிட் என்பதில் ஒரு பிரதி சேமித்தாள். திருத்தம் சொதப்பினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்பதற்காக. முதலில், "பேருக்குப் பதிலா போன் நம்பர் வச்சிடலாம்" என்றாள். அத்தையிடமும் அவள் வீட்டு மருமகளிடமும் இருப்பது ஒரே போன். அது நடக்கவில்லை. "அப்ப ஆளுக்கொரு நம்பர் நானே குடுக்கேன்."

"எனக்கு நம்பரா? நான் என்ன ரேஷன் கடை கியூவுலயா நிக்கேன்?"

"உள்ள மட்டும்தான் நம்பர் அத்தை. வெளிய பேருதான் காட்டும்."

"என்ன பேரு?"

"கீழத்தெரு பேச்சி."

"அது. அதுதான் எம்பேரு."

டீச்சர் பேச்சியும் ஏறினாள். "ஒனக்கு என்ன போடுவ?" என்று யாரோ கேட்டார்கள். "திருவனந்தபுரம் பேச்சின்னு போடு" என்றாள் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அடித்திருந்தாள்.

அத்தை எழுந்து எதிர் வீட்டுக்குப் போய், சுடவைத்த காபியைக் குடித்தாள்.

5

அந்தத் தப்பு திரும்ப வராமலிருக்க ஜேயூனிட் என்பதில் ஒரு சோதனை எழுத வேண்டும் என்றாள். ஒருமுறை எழுதிவைத்தால் புரோகிராமை எப்போது மாற்றினாலும் ஒரு பொத்தானை அழுத்தி, பழைய தப்பு தலைகாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது: ஜாவாவில் இப்படிப் பெயர் வைக்கத் தமிழ் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளுமாம்.

அவளுக்குத் தமிழ் எழுத்து சரளமில்லை, பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். போனில் அடித்து என்னிடம் காட்டினாள். 'தொலய' என்று இருந்தது. நான் திருத்தினேன். எனக்கும் ஜாவாவில் ஓர் எழுத்து எழுதக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையின் பெயர்: பேச்சி_தொலையக்_கூடாது.

மிஸ்ஸிடம் காட்டப் போன அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. கீல் கேட்டவருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு அவள் கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கே வந்தாள். மலையாளம் பாதி, தமிழ் பாதியாக நடந்ததைச் சொன்னாள்.

மிஸ் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாகவே, ஒரே பெயரில் ரெண்டு பேர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அக்கா சோதனையைத் திறந்து அழுத்தியிருக்கிறாள். சோதனை பாஸ் என்று பச்சை விழுந்தது. மிஸ் அந்தப் பெயரை உற்றுப் பார்த்தாராம்.

"இதெந்தா எழுதியிரிக்குன்னே?"

"தமிழாணு மிஸ். பேச்சி காணாதாவருது என்னு."

"ஆரா ஈ பேச்சி?" யார் இந்தப் பேச்சி என்று கேட்டிருக்கிறார் மிஸ்.

பின்னால் வகுப்பு முழுக்க இருந்திருக்கிறது. பிரியாவாகவே அவளைத் தெரிந்த கூட்டம்.

"நீ என்னட்டி சொன்ன?" என்றேன்.

"என்ன சொல்ல? 'என்டெ அத்தையாணு'ன்னு சொன்னேன்." கடைத் தராசைக் கையால் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பின்னே, 'ஞானும்', நானும்தான்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. மிஸ்ஸும்தான். ஆனா எழுந்து வந்து அஞ்சு என்ன கேட்டா தெரியுமா? 'எடி பேச்சி, அந்த டெஸ்ட் எப்படி எழுதின, காணிச்சுத் தா.'"

6

சப்ளியை முடித்துவிட்டாள். இங்கே கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. கெஜட் விண்ணப்பத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையில் சேரும் முந்தின நாள் மட்டும் மனசு கேட்காமல், "அந்தப் பேரு விஷயம், நீ சொன்னா இப்பவும் செய்யலாம். எனக்குச் சம்மதந்தான்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவள், "பார்க்கலாம்" என்றாள்.

முதல் நாள் வேலை முடிந்து கழுத்தில் கார்டோடு வந்தாள். அதில் பேச்சியம்மாள் என்று முழுசாக அச்சடித்திருந்தது. செருப்பைக் கழற்றுமுன்னே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, எங்க டீம்ல மூணு பிரியா உண்டு. ஒருத்திக்கு வந்த மெயில் மத்தவளுக்குப் போகுது. பேச்சின்னா ஆபீசு முழுக்க நான் ஒருத்திதான்!"

இதை உடனே பெரிய அத்தைக்கு போன் போட்டுச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஸ்பீக்கரில் போட்டோம். அத்தை முழுக்கக் கேட்டாள். அங்கே அவள் தலையாட்டியிருக்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயம்.

"அது சரிட்டி," என்றாள். "அந்த மூணு பிள்ளைகளையும் யாரு தொலையாம பாத்துக்கிடுவா?"

"நான்தான் அத்தை" என்றாள் பேச்சியம்மாள்.